மூடவா, பூட்டவா? கைவிட்ட சுரங்கங்கள் பற்றி வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் பகாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங் ஈய (டின்) சுரங்கத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கைவிட்ட சுரங்கங்களை அடியோடு அடைத்துவிடக் கூடாது, பயிற்சி உள்ளவர்கள் உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி ஆதரவு, பாதி கோபம். இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐயா, என் மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நண்பர்களோடு குகை, பழைய சுரங்கம் என்று சுற்றுகிறான். நீங்கள் எழுதியதைக் காட்டி என்னிடமே வாதாடுகிறான். ஆளை விழுங்கும் ஓட்டையை சிமெண்டு போட்டு அடைத்தால் என்ன தப்பு? – ஒரு தாய், கிள்ளான்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு நான் பேசப் போவதில்லை. ஆனால் அடைப்பது மட்டும்தான் பாதுகாப்பு என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஆல்டர்லி எட்ஜ் என்று ஒரு மலைமேடு இருக்கிறது. வெண்கலக் காலத்திலிருந்தே அங்கே செம்பு எடுத்திருக்கிறார்கள். வேலை நின்ற பிறகு சுரங்கங்கள் திறந்தே கிடந்தன, ஊர்ப் பிள்ளைகள் மெழுகுவத்தியும் கையுமாக உள்ளே போனார்கள், சிலர் திரும்பவில்லை. கடைசியில் 1960களில் வாய்களை அடைத்துவிட்டார்கள். நீங்கள் சொல்வது அப்படியே நடந்தது. கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1970களில் டெர்பிஷயர் கேவிங் கிளப் என்ற குகைக் குழு, நிலத்தை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்போடு பேசி, சுரங்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அடைத்ததைத் திறந்து இரும்புக் கதவு போட்டார்கள், பூட்டினார்கள், சாவியைக் குழு வைத்துக்கொண்டது. போக விரும்புகிறவர் கேட்டுக்கொண்டு, வழி தெரிந்தவரோடு போகலாம். கேட்காதவர் போக முடியாது.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். 1995-இல் அந்தக் குழுவினர் ஒரு பழைய குழியில் பானை ஒன்றைக் கண்டெடுத்தார்கள், அதில் 564 ரோமானியக் காசுகள். பிறகு தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழியே ரோமானியர் காலத்தது என்று தெரிந்தது. 2021-இல் அதே குழு, இருநூறு ஆண்டுகளாக யாரும் மிதிக்காத ஒரு கோபால்ட் சுரங்கத்துக்குள் நுழைந்தது. தோல் செருப்பு, களிமண் புகைக்குழாய், சட்டைப் பொத்தான், களிமண்ணில் பதிந்த விரல் தடம் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. சுவரில் மெழுகுவத்திக் கரியால் ‘டபிள்யூ எஸ்’ என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் 20 ஆகஸ்ட் 1810 என்று தேதி. பொருள்களைப் படமெடுத்து, பட்டியல் போட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். சுரங்கம் முழுவதையும் லேசர் கருவியால் அளந்து முப்பரிமாணப் படமாக்கி, உள்ளே போக முடியாதவர்களும் பார்க்கும்படி செய்தார்கள். சிமெண்டு அப்படியே இருந்திருந்தால் அந்தத் தொழிலாளியின் எழுத்தை யார் படித்திருப்பார்கள்?

இன்னொன்றையும் பாருங்கள். வாயை மட்டும் அடைத்தால் உள்ளே இருக்கும் வெற்றிடம் எங்கும் போய்விடாது. மேலே வீடு கட்டுவார்கள், சாலை போடுவார்கள், கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. அவ்வப்போது உள்ளே போய் வருகிற குழு இருந்தால் எந்தக் கூரை இறங்குகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பது வெளியே தெரியும்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: அனுமதி இல்லாமல், பயிற்சி இல்லாமல் போவதற்கு நான் எழுதியது சான்றிதழ் இல்லை. அவர் அப்படிப் போய் ஏதாவது ஆனால் மறுநாள் கலவை லாரி வந்து நிற்கும், அதற்குப் பிறகு யாராலும் எதையும் காப்பாற்ற முடியாது.

நாங்கள் நாலு நண்பர்கள். பத்து ஆராங் ஊரின் நிலக்கரிச் சுரங்கப் பாதைகள் இன்னும் மண்ணுக்குக் கீழே இருப்பதாகச் சொல்கிறார்கள். உள்ளே போக யாரைப் பார்க்க வேண்டும்? – கல்லூரி மாணவர், ரவாங்

தம்பி, யாரையும் பார்க்க வேண்டாம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போகாதீர்கள். இதில் மட்டும் என்னிடம் இரண்டு பேச்சு இல்லை.

ஈயச் சுரங்கம் வேறு, நிலக்கரிச் சுரங்கம் வேறு. நிலக்கரி மீத்தேன் வாயுவைக் கசியவிடும், காற்றில் உள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல உறிஞ்சும். பத்து ஆராங் நிலக்கரி புவியியல் கணக்கில் இளசு, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. அதைச் சுற்றி இருக்கும் பாறையும் உறுதியானது இல்லை. சுரங்க ஆய்வில் ஊறிப்போன பிரிட்டனிலேயே ஆர்வலர்கள் போவது பெரும்பாலும் ஈயம், செம்பு, காரீயம், பலகைக்கல் சுரங்கங்களுக்குத்தான். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நுழைய அங்கே அரசு அமைப்பின் தனி அனுமதி வேண்டும்.

ஆனால் பத்து ஆராங்குக்குப் போங்கள், தரைக்கு மேலே. மலாயன் கோலியரீஸ் கம்பெனி 1915-இல் அங்கே கரி எடுக்க ஆரம்பித்தது, 1960-இல் மூடியது. இந்த நாட்டின் ரயில்கள் ஒரு காலத்தில் அந்தக் கரியில்தான் ஓடின. சீனர்களோடு நம் ஆட்களும் அங்கே உழைத்தார்கள். 1937 மார்ச்சில் அங்கே நடந்த வேலைநிறுத்தம் காலனி அரசையே ஆட்டிப் பார்த்தது. புகைபோக்கி, பழைய கட்டடங்கள், கடை வரிசை எல்லாம் மிச்சம் இருக்கின்றன. ‘அணுகும் வழியைக் காப்பாற்ற வேண்டும்’ என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்தி. எல்லாச் சுரங்கத்துக்கும் உள்ளே போயாக வேண்டும் என்பதில்லை, அந்த இடம் வேலிக்குப் பின்னால் மறைந்து மறந்துபோகாமல் இருந்தால் போதும்.

கையில் நல்ல டார்ச், தலையில் ஹெல்மெட். அதற்கு மேல் என்ன வேண்டும்? அனாவசியமாகப் பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். – வாசகர், செராஸ்

அண்ணே, டார்ச்சும் ஹெல்மெட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு உதவும். சுரங்கத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது.

முதலில் காற்று. நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. காற்றோட்டம் நின்றுபோன சுரங்கத்தில் முட்டுக் கொடுத்த மரம் மக்கும்போதும், பைரைட் போன்ற கந்தகத் தாதுக்கள் ஈரத்தில் துருப்பிடிக்கும்போதும் அந்த ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே போகும். நாற்றம் இல்லை, நிறம் இல்லை, தொண்டை கரிக்காது. 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம். தமிழ்நாட்டில் பாழடைந்த கிணற்றைத் தூர்வார இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய தம்பி விழ, அவனைத் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரரும் விழுந்தார் என்று செய்தி படித்திருப்பீர்கள். சுரங்கத்திலும் அதேதான் நடக்கிறது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், நிற்கும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, குனிந்தவர் எழுந்திருக்க மாட்டார். அதனால் பழக்கப்பட்டவர்கள் வாயு அளக்கும் கருவியைச் சட்டையிலேயே மாட்டிக்கொண்டு போகிறார்கள். 19.5-க்குக் கீழே போனால் அது கத்தும். கத்தினால் திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் பத்தடிதானே’ என்ற பேச்சே கிடையாது. நேற்று நன்றாக இருந்த காற்று இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்றும் நம்ப முடியாது.

அடுத்தது தரை. தாது ரேகை மேலே போகப் போக அதைத் துரத்திக்கொண்டே வெட்டியவர்கள், குறுக்கே மரச்சட்டம் போட்டு, அதன் மேல் கழிவுக் கல்லைக் கொட்டி, அதில் நின்று வேலை செய்தார்கள். இன்றைக்கு நீங்கள் போனால் அது சாதாரணத் தரை மாதிரித்தான் தெரியும். கீழே மரம் இற்றுப்போயிருக்கும், அதற்குக் கீழே முப்பதடியோ முந்நூறடியோ வெறும் பள்ளம். நம் ஊர் ஈரத்தில் மரம் எத்தனை வருஷம் தாங்கும்? அதே மாதிரி வழியில் கிடக்கும் தெளிந்த குட்டையை முழங்கால் ஆழம் என்று நினைத்துக் கால் வைப்பீர்கள், அது அடுத்த மட்டத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழியாக இருக்கலாம், விளிம்பு வரை தண்ணீர் நிரம்பி.

இதையெல்லாம் சொல்வது உங்களை வீட்டில் உட்கார வைக்க இல்லை. இதைப் படித்துவிட்டும் போக வேண்டும் என்று தோன்றினால், தெரிந்தவர்களோடு போகவே நீங்கள் தகுந்த ஆள். அப்புறம், வெளியே ஒருவரிடம் எந்த வாய் வழியாக நுழைகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

சுங்கை லெம்பிங்கில் மொத்தம் 322 கிலோமீட்டர் சுரங்கப் பாதை என்று பலகை வைத்திருக்கிறார்கள். சின்ன ரயிலில் கொஞ்ச தூரம் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை ஏன் திறக்கவில்லை? – ஆசிரியை, குவாந்தான்

ஏனென்றால் மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது. ஆழமான சுரங்கம் உயிரோடு இருப்பது பம்பு ஓடும் வரைதான். 1906-இல் தொடங்கிய பகாங் கன்சாலிடேட்டட் கம்பெனி எண்பது வருஷம் அங்கே மலையைக் குடைந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கியது, விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்துபோனது. அடுத்த வருஷம் சுங்கை லெம்பிங் மூடியது. பம்பை நிறுத்தினால் நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும், யாராலும் தடுக்க முடியாது.

நீங்கள் பார்த்த பகுதி குறைவு என்று வருத்தப்படாதீர்கள். அந்தக் கொஞ்ச தூரம் திறந்திருப்பதே பெரிய காரியம். மேலாளர் குடியிருந்த பங்களா அருங்காட்சியகமாக நிற்கிறது. பெர்லிஸில் காக்கி புக்கிட் பக்கம் குவா கெலாம் குகைக்குள் ஈயம் எடுத்த வழியில் 370 மீட்டருக்கு நடைபாலம் போட்டு, யார் வேண்டுமானாலும் நடந்து போகும்படி வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு இப்படி ஒரு பாதை, பயிற்சி பெற்றவர்களுக்குப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இன்னொரு பாதை. இரண்டும் வேண்டும். நம் நாட்டில் முதலாவது இருக்கிறது, இரண்டாவதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

ஈப்போவைச் சுற்றி எத்தனையோ லொம்போங் (சுரங்கம்) இருந்ததே, உள்ளே போகிற மாதிரி ஒன்றும் இல்லையா? – வாசகர், பத்து காஜா

கிந்தாவில் பெரும்பாலும் மேலிருந்து தோண்டியதுதான். பள்ளம் ஏரியாகிவிட்டது. கோலாலம்பூர் சுங்கை பீசியிலும் அதே கதை, உலகத்தின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பேர் வாங்கிய பள்ளம்தான் இன்றைக்கு மைன்ஸ் ஏரி. உங்களுக்குப் பக்கத்திலேயே தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயக்கப்பல் (தண்ணீரில் மிதந்தபடி ஈய மண்ணை வாரிய இயந்திரம்) நிற்கிறது, 4,500 டன். பிள்ளைகளைக் கூட்டிப் போய் அதில் ஏற்றிக் காட்டுங்கள்.

பினாங்கில் எங்களுக்குச் சுரங்கம் இல்லை, ஆனால் குகைக்குப் போகிற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் கைவிட்ட சுரங்கத்துக்கு முறைப்படி அனுமதி வாங்க நினைக்கிறோம். எங்கே தொடங்குவது? – வாசகர், பட்டர்வொர்த்

நான் காத்திருந்த கேள்வி இது.

நில உரிமையாளரின் இடத்தில் நின்று யோசிப்பதிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. யாராவது விழுந்தால் வழக்கு தன் தலையில் விழும் என்ற பயம்தான். பிரிட்டனில் 1954-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே கைவிட்ட சுரங்கத்தின் வாயில் யாரும் தவறி விழாதபடி தடுப்பு வைக்க வேண்டியது உரிமையாளர் கடமை என்கிறது. அங்கே உள்ள குழுக்கள் அந்தக் கடமையில் பங்கு கேட்டன. கதவு செய்வது எங்கள் செலவு, பூட்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை, போகிற ஒவ்வொருவர் பேரும் பதிவேட்டில் இருக்கும், ஒவ்வொருவருக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காப்பீட்டை பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன் தன் உறுப்பினர்களுக்கு ஏற்பாடு செய்து தருகிறது. சுரங்க வரலாற்றுக் குழுக்களுக்கு என்று 1979-லிருந்து ஒரு தேசியச் சங்கமும் இருக்கிறது. ‘எங்களை உள்ளே விடுங்கள்’ என்று கெஞ்சுவதைவிட ‘உங்கள் சுமையில் பாதியை நாங்கள் தூக்குகிறோம்’ என்பது எடுபடும்.

நம் நாட்டில் நிலமும் கனிமமும் மாநில அரசின் கையில். அதனால் முதல் படி மாவட்ட நில அலுவலகம், அந்த மனை யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். காட்டு ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் மாநில வனத்துறையின் அனுமதி. கனிமவள, புவியியல் துறைக்கு ஒரு கடிதம். உள்ளூர் போம்பா (தீயணைப்பு) நிலையத்துக்கும் தகவல், பின்னால் ஏதாவது என்றால் அவர்கள்தான் வர வேண்டும். மலேசிய இயற்கைக் கழகத்தின் சிலாங்கூர்க் கிளையில் குகைக் குழு ஒன்று இருக்கிறது, கயிறும் அளவெடுப்பும் கற்றுக்கொள்ள அப்படிப்பட்ட இடம் நல்லது. அனுமதி கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், நீங்கள் வரைந்த ஒரு குகையின் நிலப்படத்தை எடுத்துப் போங்கள். ‘வேடிக்கை பார்க்கிற கூட்டம் இல்லை, அளந்து எழுதுகிற கூட்டம்’ என்று அதிகாரிக்குப் புரிய அது ஒன்று போதும்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளேயிருந்து சாவி இல்லாமலே திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு சுரங்க வாயின் இருப்பிடத்தைக் கைத்தொலைபேசியில் எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கிடக்கும் பழைய விளக்கு, மண்வெட்டி, தகரப் பெட்டி எதுவும் உங்கள் வீட்டு அலமாரிக்கு வரக் கூடாது. வெடி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் வெளியே வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.

வௌவால்களுக்காகவே இந்த இடங்களை மூட வேண்டும். மனிதன் போனால் அவை அழியும். – வாசகி, பத்து மலை அருகில்

பாதி ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் தென்பட்ட வெண்மூக்கு நோய் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அந்தப் பூஞ்சை மனிதர்களின் துணியிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு பரவக்கூடியது, அதனால் ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழுவுகிறார்கள். நம் டுரியான் மரங்களுக்கு மகரந்தம் சுமப்பதில் குகையில் தங்கும் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு, அது இல்லாவிட்டால் காய் பிடிப்பது குறையும்.

ஆனால் சிமெண்டு வௌவாலையும் சேர்த்துத்தான் அடைக்கிறது, அம்மா. அங்கே அதற்குத் தீர்வாக வந்தது படுக்கைக் கம்பிக் கதவு. கம்பிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஆறு அங்குலம் இடைவெளி, வௌவால் பறந்து போகும், ஆள் நுழைய முடியாது. குட்டி ஈனும் மாதங்களில் யாரையும் விடுவதில்லை. உங்கள் பக்கத்து இருட்டுக் குகையை 2019-இல் பொதுமக்களுக்கு மூடினார்கள், அதற்கு முன் அங்கே வழிகாட்டிகளோடு பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய் வௌவாலையும் பொறிக்கதவுச் சிலந்தியையும் பார்த்து வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்றைக்கு வௌவாலுக்காகப் பேசுகிறவர்கள். பார்க்காத ஒன்றுக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

என் தாத்தா வழிச் சொந்தங்கள் கோலார் தங்க வயலில் இருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் இப்போது போக முடியுமா? – வாசகர், செந்தூல்

முடியாது. 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள், பம்புகள் நின்றன, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான பாதைகளில் தண்ணீர் ஏறிவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கிய குழி அது. 1965-இல் அதன் ஆழத்தில்தான் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை முதன்முதலில் பிடித்தவர்களில் ஒரு குழு வேலை செய்தது. மேலே இருக்கும் கட்டடங்களையும் உங்கள் சொந்தக்காரர்களின் ஞாபகத்தையும் இப்போதே படமெடுத்து வையுங்கள்.

என் அப்பா சுங்கை லெம்பிங்கில் வேலை செய்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். பழைய சுரங்க வரைபடம் சிலவற்றைத் தகரக் குழாயில் சுருட்டி வைத்திருக்கிறார். வீடு மாறுகிறோம். தூக்கிப் போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, காஜாங்

தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீருக்குள் போன பாதைக்கு இனி அந்தக் காகிதம்தான் கதவு.

சுருளை வலுக்கட்டாயமாக விரிக்காதீர்கள், பழைய காகிதம் மடிப்பில் உடையும். டேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். பெரிய அளவு ஸ்கேனர் வைத்திருக்கும் அச்சுக்கடையில் நகல் எடுங்கள். மூலத்தை எங்கே கொடுப்பது என்பதற்குத் தேசிய ஆவணக் காப்பகத்தையும் சுங்கை லெம்பிங் அருங்காட்சியகத்தையும் கேளுங்கள், ஒரு நகல் கனிமவள, புவியியல் துறைக்கும் போகட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே வரைபடத்தை மேசையில் வைத்து அப்பாவை உட்கார வையுங்கள், கைத்தொலைபேசியில் பதிவைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். எந்த மட்டத்தில் வேலை செய்தார், எங்கே சூடு அதிகம், எந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சியது, எந்த இடத்தில் கல் விழுந்தது, கூட இறங்கியவர்கள் யார் யார், அந்தந்தப் பாதைக்குத் தங்களுக்குள் என்ன பேர் வைத்திருந்தார்கள். வரைபடத்தில் அந்தப் பேர்கள் இருக்காது. அவர் விரல் வைக்கிற இடத்தை நகலில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள்.